இடது கண்ணுக்குக் குடிவந்தவர்

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு ஐம்பதுக்குச் சலவை அறைக் கதவு தட்டப்பட்டால், யார் என்று குன்னெல் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. மூன்றாம் மாடி சிக்ஸ்டன். ஆறு வருஷமாக அதே தட்டல், அதே பத்து நிமிட அவசரம். அவளுடைய முறை பத்திலிருந்து ஒரு மணி வரை. அவருடையது ஒன்றிலிருந்து நாலு வரை. கட்டடத்தின் நிலவறையில் ஒரு பதிவுப் பலகை தொங்குகிறது. வீட்டுக்கு ஒரு சின்னப் பூட்டு. வேண்டிய கிழமைக்கும் மணிக்கும் நேராக உள்ள துளையில் அதை மாட்டிவிட்டால், அந்த மூன்று மணி நேரத்துக்கு இரண்டு சலவை இயந்திரங்களும் துணி உலர்த்தும் இயந்திரமும் அந்த வீட்டுக்கே சொந்தம். வேறு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. இது எழுதி வைத்த சட்டம் அல்ல, அதைவிடப் பெரிது.

சிக்ஸ்டன் எட்டிப் பார்ப்பார். கதவை ஒரு சாண் திறப்பார், நரைத்த தலை மட்டும் உள்ளே வரும்.

"இன்னும் முடியலையா?"

"எனக்கு ஒரு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

"தெரியும்," என்பார். கதவு மூடிக்கொள்ளும். அப்புறம் சரியாக ஒரு மணிக்குத்தான் துணிக்கூடையோடு வருவார். அப்படியானால் எதற்கு ஐயா பத்து நிமிடம் முன்னால் வந்து ஒரு மனுஷியின் உயிரை வாங்குகிறீர்கள்? இதை அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஸ்டாக்ஹோமில் யாரும் இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். காகிதத்தில் எழுதி ஒட்டுவார்கள்.

'நேரத்தைக் கடைப்பிடிக்கவும்' என்று அவள் எழுதி இயந்திரத்துக்கு மேலே ஒட்டுவாள். பெயர் போடமாட்டாள். புதன்கிழமை குப்பை கொட்ட இறங்கும்போது பார்த்தால், அந்தத் தாள் போய் வேறொன்று வந்திருக்கும்: 'உலர்த்தும் இயந்திரத்தின் சல்லடையில் துணிப் பஞ்சு சேர்ந்திருக்கிறது, எடுத்துவிடவும்.' அதிலும் பெயர் இருக்காது. அன்று சாயங்காலத்துக்குள் அவள் சூடாகப் பதில் ஒட்டிவிடுவாள். ஆறு வருஷத்தில் இரண்டு பேரும் வாயால் பேசியதில் அந்தக் கதவடி வசனத்தைத் தள்ளிவிட்டால் ஐம்பது வார்த்தை தேறாது. காகிதத்தில் பேசியதைச் சேர்த்தால் ஒரு புத்தகமே போடலாம். படிக்கட்டில் முகத்துக்கு முகம் சந்தித்துவிடக் கூடாதே என்று, வெளியே கிளம்பும் முன் கதவுத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொள்வாள். அவரும் அப்படித்தான் பார்ப்பார் என்பது அவள் சந்தேகம்.

குன்னெலுக்குச் சந்தேகம் என்பது பசி மாதிரி, வேளா வேளைக்கு வந்துவிடும். கடையில் தராசைச் சந்தேகப்படுவாள், வானிலை அறிக்கையைச் சந்தேகப்படுவாள். டாக்டர் சிரித்துப் பேசினால் எதையோ மறைக்கிறார் என்பாள். சிரிக்காமல் பேசினால் மறைத்தது வெளியே வரப்போகிறது என்பாள்.

நோயும் அப்படிப்பட்ட நோய். பத்தொன்பது வயதில் பிடித்த சர்க்கரை. இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே எதிரி என்று நினைத்துக் கொன்று தீர்த்துவிடுகிற வகை. நாற்பத்திரண்டு வருஷமாக ஊசிதான். நாலு வருஷம் முன்பு இடது கண் அடியோடு போய்விட்டது. அதைவிட மோசம், சர்க்கரை இறங்கும்போது மற்றவர்களுக்கு வருகிற நடுக்கமும் வியர்வையும் அவளுக்கு வருவதே இல்லை. நின்று பேசிக்கொண்டே இருப்பாள், அடுத்த நிமிஷம் தரையில் கிடப்பாள். சர்க்கரையை அளக்கக் கையில் ஒட்டியிருக்கும் கருவி, இறங்கினால் கத்தத்தான் செய்யும். அது பொய்யாகக் கத்துகிறது என்று சந்தேகப்பட்டு அதன் வாயை அடைத்து வைத்திருந்தாள். தினமும் காலையில் ஏரியில் நீந்துகிறவள். தனியாகத் தண்ணீரில் இறங்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கண் போனதற்குக்கூட அவள் அவ்வளவு அழவில்லை.

ஆறு வருஷம் முன்பு, அதே சலவை அறையில், ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே விழுந்தாள். கண் விழித்தது ஆஸ்பத்திரியில். கட்டடக் காவல்காரர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று முடிவு பண்ணி அவருக்கு ஒரு கேக் வாங்கிக் கொடுத்தாள். கேக்கை வாங்கிக்கொண்ட மனுஷர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், துணியெல்லாம் உலர்ந்து, மடித்து, பையில் போட்டுக் கதவுக் கைப்பிடியில் மாட்டியிருந்தது. மேலே ஒரு சீட்டு: 'சல்லடையில் பஞ்சு இருந்தது.' செத்துப் பிழைத்து வந்தவளுக்கு வரவேற்பைப் பாருங்கள். அடுத்த மாதமே சிக்ஸ்டனின் பூட்டு செவ்வாய்க்கிழமை துளையை விட்டு நகர்ந்து, சனிக்கிழமை அவளுடைய பூட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. வம்புக்கென்றே வந்திருக்கிறான் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டாள்.

போன நவம்பரில்தான் ஆஸ்பத்திரியில் மாலின் என்கிற ஆராய்ச்சித் தாதி அந்தப் பேச்சை எடுத்தாள்.

"செத்துப்போன ஒருத்தரோட கணையத்துலேர்ந்து இன்சுலின் சுரக்கற செல்லை எடுத்து, உங்க இடது கண்ணுக்குள்ள வைப்போம். கருவிழி மேல போய் ஒட்டிக்கும். அங்கேயே சர்க்கரையைப் பாத்து இன்சுலின் விடும்."

"வைக்கறதுக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"வழக்கமா கல்லீரல்ல வைப்பாங்க. ஆனா உள்ள போனது இருக்கா செத்துச்சான்னு அங்க பாக்க முடியாது. கண்ணுன்னா ஜன்னல் வழியா பாக்கற மாதிரி நேரா பாத்துக்கலாம். உடம்பு முழுக்கப் போற மாத்திரையும் வேணாம், கண்ணுக்குச் சொட்டு மருந்து போதும். உங்க இடது கண்ணால நீங்க எதையும் பாக்கறது இல்லையே."

"அதனால நீங்க பாக்கப் போறீங்க." குன்னெல் யோசித்தாள். "காலியா கிடக்கற அறையை வாடகைக்குக் கேக்கறீங்க. யாரு குடிவரப் போறாங்க?"

"அது எனக்கே தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல முடியாது."

தெரிஞ்சாலும் என்ற அந்த ஒரு வார்த்தையை அவள் மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள். ஆனாலும் ஒப்புக்கொண்டாள். மாலின் கடைசியாகச் சொன்னதுதான் காரணம்: "சரியா நடந்தாலும் ஊசியை முழுசா விட முடியுமான்னு தெரியாது. ஆனா இப்படித் திடீர்னு விழறது நிக்கும். மறுபடியும் நீந்தலாம்."

பிப்ரவரிக் கடைசியில் சிக்ஸ்டன் வரவில்லை. ஒரு சனிக்கிழமை, இரண்டு சனிக்கிழமை, மூன்று. பன்னிரண்டு ஐம்பதுக்குக் கதவு சும்மா நின்றது. புதன்கிழமைச் சீட்டும் இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதில், இந்த ஆள் பெரிசாக எதையோ திட்டம் போடுகிறான் என்று அவள் முடிவு கட்டினாள்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. செல் தயார், வாருங்கள். வெள்ளிக்கிழமை ஒரு மெல்லிய ஊசியால் கண்ணுக்குள் வைத்துவிட்டார்கள். அரை மணி நேர வேலை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளைப் பார்க்க, தரைத்தள வீட்டுச் சிநேகிதி ஓசா பட்டை மணக்கும் பன்னோடு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"உனக்கு விஷயம் தெரியுமா? மேல்வீட்டு சிக்ஸ்டன் போயிட்டாரு. புதன்கிழமை. நீ படுத்திருந்தியே, அதே ஆஸ்பத்திரியிலதான்."

"என்ன ஆச்சாம்?"

"யாருக்குத் தெரியும்? அந்த மனுஷன் தும்மினாக்கூட வெளியில சத்தம் கேக்காது." ஓசா காப்பியை ஊற்றிக்கொண்டே அவள் கண் கட்டைப் பார்த்தாள். "புதன்கிழமை அவரு போறாரு, வியாழக்கிழமை உனக்குப் போன் வருது. பாத்துக்கோடி, இனிமே உன் கண்ணுக்குள்ளேர்ந்தே பஞ்சு இருக்கா இல்லையான்னு பாக்கப் போறாரு."

ஓசா சிரித்துவிட்டு இரண்டு பன் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். வேடிக்கைக்குச் சொன்னாள். குன்னெலிடம் வேடிக்கைக்குச் சொல்லலாமா? புதன், வியாழன், வெள்ளி என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். சலவை அறைக்குள் முதல் மாடிக்காரர் இன்னும் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். ஒன்பது ஐம்பது. பத்து நிமிடம் முன்னால் வந்து நிற்கிறாள். அறுபத்தொரு வயதில் ஒரு தடவைகூட அவள் செய்யாத காரியம்.

துணி காய்ந்ததும் அவள் கை தானாகப் போய்ச் சல்லடையை உருவியது. சாம்பல் நிறப் பஞ்சை வழித்துக் குப்பையில் போட்டது. போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றாள்.

'வந்துட்டான்,' என்று நினைத்தாள். 'செத்தும் விடல.'

அதற்குப் பிறகு எல்லாமே சாட்சியாகிவிட்டது. பற்பசை மாதிரிக் குழாயில் அடைத்து விற்கும் மீன் முட்டை விழுதைப் பிதுக்கி ரொட்டியில் தடவிச் சாப்பிட ஆசை வந்தது. அது அவளுக்குப் பிடிக்காத பண்டம். சிக்ஸ்டனுக்குப் பிடிக்குமா? யார் கண்டது, பிடித்திருக்கலாம். கண்ணாடியில் வலது கண்ணால் இடது கண்ணைப் பார்த்தாள். கருவிழி ஓரத்தில் வெள்ளை மணல் தூவியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். அவளுக்கு அந்தக் கண்ணால் ஒன்றும் தெரியாது. ஆனால் அதற்கு அவளைத் தெரிகிறது என்றே பட்டது.

இத்தனைக்கும் சர்க்கரை நன்றாக இருந்தது. அந்த ஊர்க் கணக்கில் நாலுக்குக் கீழே போனால் ஆபத்து, பத்தைத் தாண்டினால் அதிகம். மூன்று வாரமாக ஒரு தடவைகூட ஐந்துக்குக் கீழே இறங்கவில்லை. ஊசியும் பாதியாகக் குறைந்தது. மாலின் பெரிய கருவியின் வழியாகக் கண்ணுக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது முகமெல்லாம் சந்தோஷம்.

"ரத்தக் குழாயெல்லாம் வந்து சேந்துடுச்சு. இன்னும் ஒரு வாரம் ஆகும்னு நினைச்சோம். உங்க ஆளுங்க நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டாங்க."

குன்னெல் கருவியிலிருந்து தலையை வெடுக்கென்று எடுத்தாள்.

"நேரத்துக்கு முன்னாடியா?"

"ஆமா. நல்லதுதானே?"

"மாலின், நேராக் கேக்கறேன். இது எழுபது வயசு தாண்டின ஆம்பளையோடதா? பேரு சிக்ஸ்டனா?"

மாலின் எழுதுவதை நிறுத்தினாள். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு சொன்னேனே, குன்னெல்."

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்னும் சொன்னீங்க."

"சொல்ல முடியாது. சட்டம். செல்லுக்குப் பேரும் கிடையாது, குணமும் கிடையாது. அதுக்குத் தெரிஞ்சது சர்க்கரை மட்டும்தான்."

இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? ஆக, அவன்தான். வீட்டுக்குப் போகும் சுரங்க ரயிலில் தீர்மானம் பண்ணிவிட்டாள். உள்ளே இருப்பவர்களை உடம்பு அந்நியர் என்று கண்டுபிடித்து அடித்துக் கொல்லாமல் இருக்கத்தான் அந்தச் சொட்டு மருந்து. காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதை நிறுத்தினால்? உடம்பே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அவள் ஒரு பாவமும் செய்ய வேண்டியதில்லை.

ஏரியும் நீச்சலும் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஆனால் ஆறு வருஷம் கதவிடுக்கில் எட்டிப் பார்த்த தலை, இனிமேல் குளிக்கும்போதும் உடுக்கும்போதும் தனக்குள்ளேயே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. நீந்தாவிட்டால் போகிறது. மருந்துக் குப்பியைக் குளியலறை அலமாரியில் பஞ்சுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். யாரிடமிருந்து ஒளிக்கிறாள்? தனியாக இருப்பவள். அவரிடமிருந்துதான்.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் கண் சிவந்தது. மூன்றாம் நாள் உள்ளே குத்தியது, சர்க்கரை பன்னிரண்டுக்கு ஏறியது. நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பதினைந்து. வலிக்கிற கண்ணைத் துணியால் ஒற்றிக்கொண்டு, "கிளம்புங்க, கிளம்புங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது.

கதவுத் துளையில் பார்த்தாள். நீலக் கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரு வயதான அம்மாள், கையில் ஒரு பிஸ்கோத்து டப்பா. மூக்கும் நெற்றியும் அப்படியே சிக்ஸ்டன். கண்ணுக்குள் இருக்கும் அவருடைய சொத்தைக் கேட்டு வந்திருக்கிறாளோ?

"நான் மெர்த்தா. சிக்ஸ்டனோட அக்கா," என்றாள் அந்த அம்மாள், கதவு திறந்ததும். "யெவ்லே ஊர்லேர்ந்து வந்திருக்கேன், வீட்டைக் காலி பண்ண. நீங்கதான் குன்னெல். அஞ்சு நிமிஷம் உள்ள வரலாமா?"

செருப்பை வாசலில் கழற்றி ஒழுங்காகச் சுவரோரம் வைத்துவிட்டுச் சமையலறை மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். காப்பி வேண்டுமா என்று கேட்கிற மரியாதையைக்கூட மறந்து குன்னெல் நின்றுகொண்டே கேட்டாள்.

"உங்க தம்பி உடம்புலேர்ந்து ஏதாவது எடுத்தாங்களா? தானமா?"

மெர்த்தா விழித்தாள். இப்படி ஒரு கேள்வியை அந்த ஊரில் சாவு வீட்டு மனுஷியிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"எடுக்கணும்னு அவனுக்கு ரொம்ப ஆசை. எப்பவோ எழுதிக் கொடுத்து வெச்சிருந்தான். ஆனா வந்தது ரத்தப் புத்துநோய். 'உங்ககிட்டேர்ந்து எதையும் இன்னொருத்தருக்கு வைக்க முடியாது'ன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அது ஒண்ணுதான் அவனுக்குக் கடைசியில மனக்குறை."

குன்னெல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் இல்லை. அப்படியானால் நாலு நாளாக யாரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறாள்? எந்த வீட்டில் யார் இறந்து, யார் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்களோ.

மெர்த்தா டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்தாள். உள்ளே அடுக்கடுக்காகச் சீட்டுகள். எல்லாம் குன்னெலின் கையெழுத்து. 'நேரம் என்றால் நேரம்.' 'உங்கள் மூக்கை உங்கள் முறையில் நுழைக்கவும்.' 'பஞ்சு உங்கள் தலையில்தான் இருக்கிறது.' படிக்கப் படிக்கக் குன்னெலுக்கு முகம் எரிந்தது.

"இதையெல்லாம் எதுக்கு எடுத்து வெச்சாரு? குடியிருப்போர் சங்கத்துல புகார் கொடுக்கவா?"

"பின்பக்கம் திருப்பிப் பாருங்க."

திருப்பினாள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு தேதி. பக்கத்தில் ஒரே வார்த்தை: நலம். அடுத்தது, தேதி, நலம். அதற்கடுத்தது, தேதி, நலம். ஆறு வருஷத்துப் புதன்கிழமைகள்.

"நீங்க கீழ விழுந்தீங்களாமே, அன்னிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவன்தான்," என்றாள் மெர்த்தா. "காப்பிப் பொடி வாங்கப் போனவன் கீழ சலவை அறைக் கதவு திறந்திருக்கேன்னு எட்டிப் பாத்திருக்கான். வண்டி வர்ற வரைக்கும் உங்க தலையைத் தூக்கிப் பிடிச்சிட்டே உக்காந்திருந்தானாம். அதுக்கப்புறம்தான் உங்களுக்கு அடுத்த நேரத்தைப் பிடிச்சான். பத்து நிமிஷம் முன்னாடிப் போய்க் கதவைத் திறந்து பாத்துடுவேன், நின்னுட்டு இருந்தா சரின்னு சொன்னான். வாரம் ஒரு தரம் பாத்தாப் போதாதேடான்னு கேட்டேன். 'புதன்கிழமை ஒரு சீட்டு ஒட்டுவேன், ராத்திரிக்குள்ள பதில் வந்துடும்'னான்."

"பஞ்சு..." என்று ஆரம்பித்தாள் குன்னெல்.

"அவனுக்கு வேற என்ன எழுதறதுன்னு தெரியல. நான் கேலிகூடப் பண்ணினேன், அவ உன்னைக் கண்டபடி திட்டறாளேன்னு. 'திட்டட்டும். கோவமா எழுதறாள்னா நினைவோட இருக்காள்னு அர்த்தம்'னு சொன்னான்."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை. ஆறு வருஷத்துல ஒரே ஒரு வார்த்தை."

"அடுத்த வீட்டுக்காரங்க நோயைப் பத்தி நாமளாப் போய்ப் பேசறதா? அவன் பேசுவானா? அவனுக்குப் புத்துநோய்னு நீங்க கேள்விப்பட்டிருந்தா, மேல ஏறிப் போய்க் கேட்டிருப்பீங்களா?"

குன்னெல் கேட்டிருக்க மாட்டாள். கதவுத் துளையில் பார்த்து, ஆள் போன பிறகு படி இறங்கியிருப்பாள். அடுத்தவருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று இவர்கள் படுத்துகிற பாடு இருக்கிறதே, அதற்கு வாய்விட்டு நாலு வார்த்தை திட்டிக்கொள்வதே தேவலை.

மெர்த்தா கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். "நான் வந்தது டப்பாவைக் கொடுக்க மட்டுமில்ல. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ, 'சனிக்கிழமை பன்னெண்டு அம்பதுக்கு யாராவது போய்க் கதவைத் தட்டணும்'னு ஒவ்வொரு வாரமும் போன் பண்ணினான். நான் யெவ்லேல உக்காந்துட்டு என்ன பண்ணுவேன்? சொல்லியாச்சு, ஆள் போறாங்கன்னு பொய் சொன்னேன். யாருகிட்டயும் சொல்லல. அவன் நம்பிட்டான். அது என்னை அரிச்சிட்டே இருந்தது. அதான், நீங்க இருக்கீங்களான்னு ஒரு தரம் கண்ணால பாத்துட்டுப் போலாம்னு." அப்போதுதான் நிமிர்ந்து சரியாகப் பார்த்தாள். "உங்க கண்ணு என்ன இப்படிச் சிவந்திருக்கு?"

குன்னெல் எழுந்தாள். குளியலறைக்குப் போய், அலமாரியில் பஞ்சுக்குப் பின்னால் கையை விட்டுக் குப்பியை எடுத்தாள். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது மூக்கில். மெர்த்தா பின்னாலேயே வந்து, ஒன்றும் கேட்காமல், அவள் தலையைப் பிடித்துப் பின்னால் சாய்த்துக் கண்ணிமையை விரலால் விலக்கிப் பிடித்தாள். மூன்றாவது சொட்டு உள்ளே போனது. தலையைத் தாங்கிய அந்தக் கையை விடச்சொல்ல மனம் வராமல் குன்னெல் அழுதாள். மருந்து வெளியே வந்துவிடும், அழாதீங்க என்று மெர்த்தா சொல்ல வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். பொய்யே சேர்க்கவில்லை. கேட்ட மாலினுக்குக் கோபத்தில் காது சிவந்துவிட்டது.

"நாலு நாள். நாலு நாள் சும்மா விட்டிருக்கீங்க. ஒருத்தர் செத்துக் கொடுத்தது அது. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். இப்பத் தெரியும்."

மாலின் வெகுநேரம் கருவிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். குன்னெல் மோவாயைத் தாங்குகட்டையில் வைத்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் அவளுக்கு இருட்டுதான்.

"மூணுல ஒரு பங்கு போயிடுச்சு," என்றாள் மாலின் கடைசியில். "மத்தவங்க பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. வீக்கம் இறங்கணும். இனிமே ஒரு சொட்டு தவறினாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

யாருடையது என்று குன்னெல் கேட்கவில்லை. "மிச்சம் இருக்கறவங்க போதுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஊசி கொஞ்சம் கூடும். ஆனா போதும்னுதான் நினைக்கறேன். ஏரித் தண்ணி சூடாகட்டும், அப்பப் பாத்துச் சொல்றேன்."

மே மாதம் மூன்றாம் மாடிக்குப் புதுக் குடித்தனம் வந்தது. கணவன் மனைவி இருவரும் எதிரே வந்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறவர்கள். பதிவுப் பலகையில் சனிக்கிழமை ஒரு மணித் துளையிலிருந்து சிக்ஸ்டனின் பூட்டைக் கழற்றி, அவர்களுடையதை மாட்டியிருந்தார்கள். சர்க்கரை ஆறு, ஏழு என்று நின்றது. விழவில்லை. கருவியின் வாய் அடைப்பையும் எடுத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை குன்னெல் உலர்ந்த துணியை மடித்து முடித்தாள். சல்லடையை உருவிப் பஞ்சை வழித்தாள். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐம்பது. இயந்திரங்கள் நின்றுவிட்ட அறையில் அவள் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. புதுக் குடித்தனம் நல்ல மாதிரி. ஒரு மணி அடிக்காமல் கீழே இறங்க மாட்டார்கள்.

பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தாள். இயந்திரத்தின் மேல் வைத்து எழுதினாள்: 'ஒரு மணிக்கு வருகிறவர்களுக்கு: நீங்கள் பத்து நிமிடம் முன்னதாகவே வரலாம். கதவைத் தட்டித் திறந்து பார்க்கவும். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு.' ஒட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் கீழே பெயரைப் போட்டாள். குன்னெல், இரண்டாம் மாடி.